பல் கட்டுகிறவரின் பந்தயப் படகு

வான் வண்டியின் கண்ணாடியை இறக்கச் சொன்னார் சிப்பாய். இறக்கினேன். அவருடைய பார்வை என் மேல் நிற்கவில்லை. பக்கத்து சீற்றில் இருந்த அருமைநாயகம் ஐயாவின் மடியில் போய் நின்றது.

மடியில் ஒரு படகு. நீளம் மூன்று அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. சிவப்பு நிறம், முகம் பார்க்கலாம் போல மினுக்கம். அதன் வயிற்றுக்குள் மோட்டர், பெட்டரி, வயர்கள். ஐயாவின் காலடியில் ஒரு கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது ஓர் அன்ரனா.

யுத்த காலம். ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளவத்தைப் பாலத்துச் சோதனைச் சாவடி. வானுக்குள் இரண்டு தமிழர், ஒரு படகு, தூரத்தில் நின்று அதை ஓட்டுகிற றேடியோப் பெட்டி. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. கடலில் குண்டுப் படகுகள் வெடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை.

"மேக்க மொக்கத்த?" என்றார் சிப்பாய். இது என்ன?

எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கும். சிங்களத்தில் கேட்டால் சிங்களத்தில், தமிழில் கேட்டால் தமிழில், இங்கிலீசில் கேட்டால் சிரித்துச் சமாளிப்பேன். அன்று ஒரு கடிதத்தை மட்டும் எடுத்து நீட்டினேன்.

நாலு வரி என்னைப் பற்றி

போன வாரம் இதே பத்தியில், கொட்டாஞ்சேனை மரக்காலையில் மரத்தூளைக் கூட்டிக் குவித்து அதன் மேலேயே படுத்துத் தூங்கிய கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "இந்த மனிதர் தன்னைத் தவிர இன்னொருவரைப் புகழவே மாட்டாரா?" என்று கேட்கிறார்.

புகழுவேன். இந்த வாரம் முழுக்க அதுதான். ஆனால் புகழுகிறவன் யார் என்று தெரிந்தால்தானே புகழ்ச்சிக்கு மதிப்பு? அதனால் நாலு வரி பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் நான். அதிலும் மூன்றாம் வகுப்பு பாதி. மற்றதெல்லாம் கை படித்தது. யுத்தம் மும்முரமாக இருந்த அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையில் எனக்குச் சொந்தமாகத் தளபாட வேலைத்தலம், பதினொரு வேலையாட்கள், வெள்ளவத்தையில் மாடி வீடு. நான் செய்த கட்டில் கிரீச்சிட்டது என்று இன்று வரை ஒரு புதுமாப்பிள்ளையும் வந்து முறையிட்டதில்லை.

எல்லோரும் என்னை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி என்று அர்த்தமில்லை. நம் நாட்டில் தச்சு வேலை, மேசன் வேலை தெரிந்தவனுக்குச் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வைத்த பெயர் அது. முதலாளி ஆவதற்குப் பணம் போதும். பாஸ் ஆவதற்குக் கை வேண்டும்.

சரி, நாலு வரி முடிந்தது. கொஞ்சம் கூடிவிட்டது.

யாருக்கும் தெரியாத வேலை

அருமைநாயகம் ஐயா எங்கள் லேனுக்கு அடுத்த லேனில், கடற்பக்கமாக, ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்தவர். பல் கட்டுவது தொழில். டொக்டர் இல்லை. டொக்டர்மார் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சை வைத்துப் பொய்ப் பல் செய்து கொடுப்பது இவர்.

என் மேல் வரிசை இவர் கட்டியதுதான். இப்போதும் அதே பல்லோடுதான் முறுக்குக் கடிக்கிறேன். டொக்டர் அதை மாட்டிவிட்டபோது ஏதோ இடித்தது. நேரே ஐயாவிடம் போய்விட்டேன்.

"கடி சரியில்லை," என்றார் பார்த்தவுடனேயே.

ஒரு நீலக் காகிதத்தை மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்து, "கடியுங்கோ பாஸ்," என்றார். கடித்தேன். எங்கே அளவுக்கு மேல் முட்டுகிறதோ அங்கே நீலம் ஒட்டியது. அந்த நீலத்தை மட்டும் கடுகளவு தேய்த்து எடுத்தார். மறுபடி காகிதம், மறுபடி கடி, மறுபடி தேய்ப்பு. ஒன்பது தரம். பத்தாவது தரம் என் வாயில் பொய்ப் பல் இருப்பதே எனக்கு மறந்து போனது.

நான் பொறாமைப்பட்ட முதல் வேலைக்காரன் அவர்தான். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. உண்மை.

ஒரு நாள் அவருடைய அனெக்ஸில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருக்கும்போது சொன்னார்:

"பாஸ், நீங்கள் ஒரு கட்டில் செய்தால் அந்த வீட்டுக்கு வாற சனம் எல்லாம் பார்க்குது. ஆர் செய்தது எண்டு கேக்குது. நான் நல்லாச் செய்தால் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சுதெண்டால் என்ர வேலை பிழை."

"அது நெசந்தாங்க."

"முப்பது வருசமா வாய்க்குள்ள போற சாமானே செய்து அலுத்துப் போச்சு. நாலு பேர் நிண்டு பார்க்க வெளியில ஓடுற ஒண்டு, ஒரே ஒண்டு, செய்து பார்க்க வேணும்."

அப்படிச் சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இழுத்தார்.

பெட்டியும் அடுப்பும்

ஜேர்மனியில் இருக்கும் தங்கை அனுப்பியிருந்தாள். மூடியில் ஒரு சிவப்புப் படகின் படம். படகு என்றா சொல்வது? வால் மட்டும்தான் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தது, மற்ற உடம்பெல்லாம் காற்றில். உள்ளே மரத் துண்டுகள், மோட்டர், குட்டிக் காற்றாடி, மேசையை மூடும் அளவுக்கு ஒரு பிளான். எழுத்தெல்லாம் ஜேர்மன் பாஷை.

"ஐயாவுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அப்ப சரிக்குச் சரி," என்றேன்.

மரவேலை என்றால் நான்தானே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அடுத்த ஞாயிறு ஐயா வருவதற்குள் எலும்புக்கூட்டை நிறுத்திவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

இப்போது எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

பெட்டிக்குள் மெல்லிய பிளைவுட் தகடுகள் இருந்தன. அவற்றோடு வெள்ளை வெளேரென்று சில பலகைகள். தூக்கினால் கனமே இல்லை. நகத்தால் அழுத்தினால் பாண் போல அமுங்கியது. ஐம்பது வகை மரத்தை மணத்திலேயே சொல்லுகிறவன் நான். இது மரமே இல்லை, தபாலில் சாமான் உடையாமல் இருக்க வைத்த அடைசல் என்று முடிவு கட்டினேன். வேலைத்தலத்தில் வச்சிரப் பசை காய்ச்சுகிற அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதில் போட்டேன்.

போட்டுவிட்டு, பிளானில் இருந்த விலா எலும்புகளுக்கு மரம் தேடினேன். காணவில்லை. 'வெள்ளைக்காரன் மறந்துவிட்டான் போல' என்று நினைத்து, நல்ல பர்மாத் தேக்கில் எட்டு விலாவையும் நானே அறுத்தேன். மேல் தட்டும் தேக்கு. மூலைக்கு மூலை கட்டிலுக்குப் போடுகிற மாதிரிப் பொருத்து. அழகென்றால் அழகு. ஆறு பேர் ஏறி உட்காரலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஐயா வந்தார். படகைத் தூக்கினார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார்.

"பாஸ், உதுக்குள்ள வெள்ளைப் பலகை கொஞ்சம் இருந்திருக்குமே?"

"அதுவா? அடைசல்னு நெனச்சு அடுப்புல போட்டேங்க."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பெட்டி கடல் கடந்து வந்தது. அதற்காக எத்தனை கடிதம் எழுதியிருப்பார். அடுப்பண்டை போய்க் குனிந்து சாம்பலைப் பார்த்தார்.

"எரியேக்க மணத்ததோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க. கற்பூரமாட்டம் போயிருச்சு."

"ஓம். போகும். உலகத்திலேயே பாரம் குறைஞ்ச மரம் அது."

வேலைத்தலத்துக்குப் பின்னால் இருந்த சீமெந்துத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பெட்டரியை நேரே மோட்டரில் கொடுத்துப் பார்த்தோம். வெயிலுக்குக் குளத்தில் இறங்கிய எருமை பார்த்திருக்கிறீர்களா? மூக்கு மட்டும் வெளியே. அப்படித்தான் போனது.

ஐயா பெட்டரியைக் கழற்றினார். "பாஸ், இது கட்டில்," என்றார்.

என் ஆயுளில் என் வேலைக்குக் கிடைத்த மிகக் கேவலமான வார்த்தை அது. அதைச் சொன்ன விதத்தில் ஒரு துளி கோபம்கூட இல்லை. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

ஒரே ஒரு காலை

கையில் இருந்த நாட்களும் குறைவு. ஏன் என்று சொல்கிறேன்.

களனிப் பக்கத்தில் ஒரு கனவானின் தோட்டத்தில் பெரிய குளம் ஒன்று. டொக்டர்மார், துரைமார் சிலர் வருடத்தில் ஒரு நாள் அங்கே இப்படியான படகுகளை ஓட்டிப் பந்தயம் வைப்பார்கள். ஐயாவிடம் வேலை கொடுக்கும் பல் டொக்டர் ஒருவர் அதில் இருந்தார். அவர் ஐயாவின் பெயரையும் சேர்த்துவிட்டார்.

ஆனால் கையில் பிடித்து ஓட்டுகிற றேடியோப் பெட்டி, அந்த நாளில் ஒரு தமிழன் வீட்டில் வைத்திருக்கக் கூடிய சாமானா? அது வந்த அன்றே பொலிசில் பாரம் கொடுக்கப்பட்டது. படகுக்குள் இருக்கும் பகுதி எங்களிடம், கையில் பிடிக்கும் பகுதி ஸ்டேசன் அலுமாரியில். பல் டொக்டர் அலைந்து ஒரு கடிதம் வாங்கித் தந்தார். பந்தய ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அனுமதி. விளையாட்டுப் படகு ஒன்று. இலக்கம் ஏழு. பிறகு பெட்டியைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.

அதாவது அந்தப் படகின் முழு ஆயுளும் நாலு மணித்தியாலம். அதிலும் பெட்டரியை ஒரு தடவை ஏற்றினால் ஏழு நிமிடம்தான் ஓடும். மறுபடி ஏற்ற ஓர் இரவும் அரைப் பகலும் வேண்டும். ஆகவே ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்துக்காக அந்த மனிதர் ஒரு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குத்தான் நான் கட்டில் செய்து கொடுத்திருந்தேன்.

தூளை நிறுத்தவர்

"வேற செய்வோங்க. லுனுமிதெல்ல மரம் கொண்டாறேன். நீர்கொழும்புல ஒருவைத் தோணிக்குப் பக்கத்துல மெதப்புக்குக் கட்டுற மரம். பஞ்சாட்டம் இருக்கும்," என்றேன்.

"மேல் தட்டை மட்டும் அதில செய்யுங்கோ. விலாவைக் கழட்டினால் பக்கமெல்லாம் பிளந்து போகும். விலா இருக்கட்டும். பாரத்தை மட்டும் எடுப்பம்."

"மரத்த வச்சுக்கிட்டு பாரத்த எப்படிங்க எடுக்கிறது?"

"வாயில எப்பிடி எடுக்கிறனான்?"

மூன்று வாரம், ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவருடைய அனெக்ஸில் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்தேன். வெள்ளவத்தையில் இரண்டு ஆளுயர அலுமாரியைக் கயிறு கட்டி மூன்றாம் மாடிக்கு ஏற்றியவன் நான். ஆனால் இப்படி ஒரு வேலையை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

முதலில் நீலக் காகிதம். அதே காகிதம்தான். விலாவுக்கும் படகின் தோலுக்கும் இடையில் செருகி, வெளியிலிருந்து மெல்ல அழுத்துவார். நீலம் ஒட்டுகிற இடம்தான் பாரத்தைத் தாங்குகிற இடம். "இதுதான் கடி," என்பார். நீலம் ஒட்டாத இடத்தில் மரத்துக்கு வேலை இல்லை. வேலை இல்லாத மரத்தைப் பல் கடையும் மெஷினால், அரிசி அளவு முனையால், சுரண்டி எடுப்பார். முதலில் ஒரு துளை. பிறகு துளை ஜன்னல் ஆகும். பிறகு ஜன்னலைச் சுற்றி ஈர்க்குச்சி அளவு சட்டம் மட்டும் மிஞ்சும்.

"போதுங்க, உடைஞ்சிரும்," என்பேன்.

"உங்கட தேக்கு பாஸ். உடையாது. நீங்கள் நல்ல மரத்தில நல்ல பொருத்துப் போட்டபடியால்தான் இவ்வளவு எடுக்கலாம்."

முதல் நாள் ஒரு தரம் நிறுத்ததோடு சரி, பிறகு அவர் படகை நிறுக்கவில்லை. சுரண்டின தூளை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சேர்த்து, மருந்து நிறுக்கிற தராசில் தூளை நிறுத்தார். ஒவ்வொரு நாளும் போகுமுன், "இண்டைக்கு ஒரு வெங்காயம் போச்சு," "இண்டைக்கு ஒரு எலுமிச்சம்பழம்," என்று சொல்லுவார். பெட்டி மூடியில் படகின் எடையைப் போட்டிருந்தார்கள். அந்த இலக்கம் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரிந்தது.

நான் என் பங்குக்கு லுனுமிதெல்லப் பலகையைச் சீவினேன். பின்னால் விரலை வைத்தால் நிழல் தெரியும் அளவுக்குச் சீவினேன். இதை ஐயாவும் ஒப்புக்கொண்டார். "நான் கூட இப்பிடிச் சீவ மாட்டன்," என்றார். அவர் வாயால் வந்தது. எழுதி வைக்கிறேன்.

கடைசி நாள் படகைத் தொட்டியில் விட்டோம். இலை போல மிதந்தது. மூடியில் போட்டிருந்த எடையைவிட இரண்டு எலுமிச்சம்பழம்தான் கூட.

மூக்கில் ஓர் எழுத்து

சனிக்கிழமை நிறம் காய்ந்ததும், இலக்கம் எழுதுவது என் பொறுப்பு. எழுதினேன். ஞாயிறு காலை ஐயா பார்த்தார்.

"பாஸ், ஏழுக்கு முன்னால உ என்னத்துக்கு?"

"நான் எந்த வேலைக்கும் முதல் பலகையில பிள்ளையார் சுழி போடாம ஆரம்பிக்கிறதில்லைங்க. இதுக்குப் போட மறந்துட்டேன். அதான் கட்டிலாப் போச்சு."

"கட்டிலுக்கு அடியில போட்டால் ஒருத்தரும் பார்க்க மாட்டினம். இது மூக்கில கிடக்குது. கடிதத்தில வெறும் ஏழெல்லோ?"

"சாமி எழுத்துங்க. யாரு கேக்கப் போறா?"

ஸ்டேசனில் கையெழுத்து வைத்து றேடியோப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஐந்து நிமிடத்தில் பாலம். அங்கேதான் 'மேக்க மொக்கத்த?' என்று கேட்டார்கள்.

பாலத்தில்

சிப்பாய் கூப்பிட, ஓர் அதிகாரி வந்தார். கடிதத்தை வாங்கி வாசித்தார். படகைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

சிங்கள உ-வையும் நம்முடைய உ-வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடப் பிறந்தவை போல இருக்கும். சத்தமும் ஒன்றுதான். அதிகாரி அதைத் தன்னுடைய எழுத்தாகவே வாசித்தார். சிங்களத்தில் வடக்குக்கு என்ன சொல்? உதுற.

"லியுமே ஹத. போட்டுவே உ ஹத," என்றார். கடிதத்தில் ஏழு, படகில் உ ஏழு. "உ கியன்னே உதுறத?" உ என்றால் வடக்கா?

என் எழுத்து. என் தூரிகை. அந்த மனிதர் சொல்லச் சொல்லக் கேட்காமல் நான் போட்டது.

ஐயா வானை விட்டு இறங்கினார். அவருடைய சிங்களம் கொச்சைதான். ஆனால் குரல் நடுங்கவில்லை.

"கணதெவியோ, சேர். வெட பட்டங் கன்னகொட்ட லியனவா." பிள்ளையார், சேர். வேலை தொடங்கும்போது எழுதுவது.

பிள்ளையாரை அவர்களுக்கும் தெரியும். அதிகாரியின் முகம் ஒரு நூல் இளகியது. அவ்வளவுதான். கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார். பாலத்துக்குக் கீழே கால்வாயைக் காட்டினார்.

"விளையாட்டுப் படகு என்றால், ஓட்டிக் காட்டுங்கள்," என்றார் சிங்களத்தில்.

எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "சேர், பந்தயம் ஒன்பதரைக்கு. பெட்டரி ஒரு தரம்தான் ஓடும். இங்கே ஓட்டினால்..." என்று சிங்களத்தில் கெஞ்சத் தொடங்கினேன். ஐயா என் கையைப் பிடித்தார்.

"ஓடுவம் பாஸ்."

"இங்க ஓடுனா அங்க ஓடாதுங்களே ஐயா!"

"அங்க ஓடுறதுக்கு முதல் இந்தப் பாலத்தைத் தாண்ட வேணுமே."

ஏழு நிமிடம்

கால்வாய்க் கரைக்கு இறங்கினோம். முன்னால் ஒரு சிப்பாய், பின்னால் இரண்டு பேர், கடைசியில் அதிகாரி. தண்ணீர் கறுப்பாய், பச்சையாய், நாறிக்கொண்டு கிடந்தது. பொலித்தீன் பைகள், ஒரு வாழைத்தண்டு, எங்கோ இருந்து வந்த பூமாலை. காற்றாடியில் ஒரு பை சுற்றினால் கதை முடிந்தது. எதிர்க் கரையில் ஒரு கபரகொய, அதாவது தண்ணீர் உடும்பு, நல்ல முதலைக் குட்டி அளவு, வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் குனிந்து படகைத் தண்ணீரில் வைத்தேன்.

"மெல்ல விடுங்கோ. கட்டில் தள்ளுற மாதிரித் தள்ளக் கூடாது," என்றார். அந்த நேரத்திலும்.

விட்டேன்.

முதலில் தாரா மாதிரி ஆடி ஆடிப் போனது. சிப்பாய்களில் ஒருவர் சிரித்தார். பிறகு ஐயாவின் பெருவிரல் மயிரளவு அசைந்தது. மோட்டரின் சத்தம் தையல் மெஷினிலிருந்து நுளம்பின் ரீங்காரத்துக்கு மாறியது. மூக்கு எழும்பியது. நெஞ்சு எழும்பியது. வால் மட்டும் தண்ணீரில். மற்ற உடம்பெல்லாம் காற்றில். அந்தக் கறுப்புத் தண்ணீர் அதற்குப் பின்னால் வெள்ளையாகப் பிளந்து நின்றது.

"பலப்பங்! பலப்பங்!" பார், பார் என்று சிப்பாய் கத்தினார். கபரகொய பயந்து தண்ணீரில் குதித்தது. "அம்மோ!" என்றார் இன்னொருவர்.

நான் படகைப் பார்த்தது பாதி. மீதி அவருடைய கையைப் பார்த்தேன். பக்கத்தில் மூன்று துவக்கு. அவருடைய இரண்டு பெருவிரலும் என் பல்லில் அந்தக் கடுகளவைத் தேய்த்த போது எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. பொலித்தீன் பைக்கு ஒரு சாண் இடம் விட்டு வளைத்தார். வாழைத்தண்டைச் சுற்றித் திருப்பினார். படகு ஒரு பக்கம் சரிந்து, சிவப்பு வயிற்றைக் காட்டி, திரும்பி வந்தது. அதற்கு முன் ஒரு தரம்கூட அந்தப் பெட்டியைக் கையில் பிடித்து ஓட்டியறியாத மனிதர்.

மேலே பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னலெல்லாம் தலை. லொறிக்காரர் இறங்கிக் கம்பியில் சாய்ந்துகொண்டார். மரக்கறிப் பையோடு ஓர் அம்மா, குடையோடு ஒரு பெரியவர், சாவடியில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்ற நம்முடைய ஆட்கள். சோதிக்கிறவர்களும் சோதிக்கப்படுகிறவர்களும் ஒரே பக்கம் திரும்பி நின்று பார்த்ததை நான் அன்று மட்டும்தான் கண்டேன்.

"யாருப்பா செஞ்சது?" என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள்.

ஐயாவின் காதில் விழுந்தது. தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

இரண்டு நிமிடம் போயிருக்கும். அதிகாரிக்குத் திருப்தி. "ஹரி, எத்தி," என்றார். சரி, போதும்.

நான் கும்பிட்டுவிட்டு ஓடத் தயார். ஐந்து நிமிட மின்சாரம் மிச்சம் இருந்தது. உடனே நிறுத்தி, பறந்துபோனால், களனியில் ஒரு சுற்றாவது ஓட்டலாம். நான் அந்தக் கணக்கில் இருந்தேன்.

ஐயா தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"தவ டிக்கக், சேர்."

இன்னும் கொஞ்சம், சேர்.

வாசகர்களே, நான் வாய்ச்சொல்லில் வீரன் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்த வருடங்களில் சீருடைக்கு முன்னால் 'ஹரி சேர்' என்பதைத் தவிர வேறு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. யார் வாயிலிருந்தும் வந்து நான் கேட்டதில்லை. போ என்றால் ஓடினோம். போதும் என்றால் நன்றி சொன்னோம். இந்தப் பல் கட்டுகிற மனிதர் தன்னைச் சுற்றித் துவக்கு நிற்க, தன்னை விடுவித்த அதிகாரியிடம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்.

அதிகாரி அவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் பாலத்துத் தூணில் ஒரு காலை ஊன்றி, கையைக் கட்டிக்கொண்டு, கால்வாய்ப் பக்கம் திரும்பினார்.

படகு ஓடியது. நீளமாக ஓடியது, வட்டமாக ஓடியது, எட்டுப் போட்டது. கரையோரப் பாதையில் ரயில் ஒன்று போனது, அதிலும் தலைகள். மின்சாரம் இறங்க இறங்கச் சத்தம் தணிந்தது. மூக்கு மெல்லத் தண்ணீருக்குத் திரும்பியது. கால்வாய்க்கு நட்டநடுவில் நின்றுவிட்டது.

பிறகு பஸ்ஸிலிருந்து ஒரு கைதட்டல் தொடங்கியது.

படகை எடுத்து வரப் போனது நான்தான். பந்தயத்துக்கென்று போட்ட வெள்ளைக் காற்சட்டையோடு நெஞ்சளவு சாக்கடையில் இறங்கினேன். கொட்டாஞ்சேனையில் பதினொரு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற பாஸ். இறங்குவதற்கு ஒரு கணம் யோசிக்கவில்லை.

களனியில்

கடிதத்தைத் திருப்பித் தந்தார்கள். வானில் ஏறியதும், "வீட்டுக்குப் போவோமாங்க?" என்றேன்.

"என்னத்துக்கு? களனிக்குப் போங்கோ. மற்றவையின்ர படகுகளைப் பார்க்க வேணும்."

போனோம். நான் சாக்கடை நாற்றத்தோடு ஒரு மாமரத்தடியில் ஒதுங்கி நின்றேன். ஐயா குளக்கரையில், மடியில் படகோடு, பதினொரு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு படகாகப் பார்த்தார். நன்றாக வளைத்தவருக்குத் தலையாட்டினார். ஒருவரிடம் காற்றாடியின் அளவு கேட்டார். முகத்தில் ஒரு குறையும் இல்லை.

தொப்பி போட்ட துரை ஒருவர் வந்து குனிந்து, விலாக்களின் வழியே உள்ளே பார்த்தார். விரலால் மேல் தட்டைத் தட்டினார். "அழகான வேலை. உங்கள் படகு ஓடவில்லையா?" என்று கேட்டார்.

நான் மரத்தடியிலிருந்து பாய்ந்து வந்தேன். பாலம், அதிகாரி, கபரகொய, கைதட்டல், எல்லாவற்றையும் அவிழ்த்து விட வாயைத் திறந்துவிட்டேன். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயை மூடினேன்.

"ஓடியாச்சு," என்றார் துரையிடம்.